கலைப்பாடம்தானே சார், விட்டுக்கொடுங்கள்!



பள்ளித் தவணை தொடங்கிவிட்டால் ஆசிரியனுக்குத் தன் வீட்டு முகவரியே மறந்துபோகும் என்பதை என்போன்றோர் நன்கு அறிவர். அதனால்தான் இவ்வளவு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. இன்று என்னை உட்கார்த்தி எழுத வைத்தது ஒரு சிறுவனின் கேள்வி.

சென்ற வாரம் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். வரலாற்றுக்கு முற்பட்ட காலம் பற்றிய பாடம். ஈப்போவுக்கு அருகிலுள்ள தம்புன் குகையின் பாறை ஓவியங்களை வெண்திரையில் காட்டினேன். 1959-ஆம் ஆண்டில் வெளியுலகின் கண்ணில் பட்ட ஓவியங்கள் அவை. செங்காவி நிறத்தில் விலங்குகளும் மனிதர்களுமாக, தரையில் நிற்பவன் அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் உள்ளன. அம்மனிதர்கள் வேட்டையாடியும் காய்கனிகளைத் தேடியும் வாழ்ந்தார்கள், பயிர்த்தொழில் அறியாதவர்கள் என்று நான் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"ஐயா, அவங்களுக்கு வீடு இல்ல, கடை இல்ல, சோறும் தெரியாதுன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்கு ஐயா அவ்வளவு மேல ஏறிப் படம் வரைஞ்சாங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "பொழுதுபோக்குக்காக இருக்கலாம்" என்றேன். மணியும் அடித்தது. என்னைக் காப்பாற்றியது அந்த மணிதான்!

அடுத்தது அதே வகுப்பின் காட்சிக்கலைப் பாடவேளை. அதுவும் என்னுடையதே. வாசலில் கணித ஆசிரியை புத்தகக் கட்டோடு நின்றிருந்தார். "கலைப்பாடம்தானே சார், விட்டுக்கொடுங்கள். பின்னம் இன்னும் முடியவில்லை" என்றார். வழக்கம்போல் விட்டுக்கொடுத்துவிட்டு நடைவழியில் நடந்தேன். வண்ணப்பென்சில் பெட்டிகளை மாணவர்கள் மீண்டும் பைக்குள் வைக்கும் ஓசை பின்னால் கேட்டது. அந்தச் சிறுவனின் கேள்விக்கு நான் சொன்ன விடையும் இப்பொழுது செய்துவிட்டு வந்த செயலும் ஒன்றுதானே என்று அப்பொழுது உறைத்தது. கலை என்றால் பொழுதுபோக்கு; பொழுது இல்லையென்றால் அது போகலாம்!

அந்த ஆசிரியையைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. கடமையுணர்வு மிக்கவர். குறை கூற வேண்டுமென்றால் என்னிடமிருந்தே தொடங்க வேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடந்த காலத்தில் ஆறாம் ஆண்டுக்குக் கலைப்பாடம் என்று ஒன்று கால அட்டவணையில் இருந்ததே தவிர வகுப்பறையில் இருந்ததில்லை. சனவரி முதல் செப்டம்பர் வரை அந்த நேரத்தில் நான் தமிழ்க் கருத்துணர்தல் பயிற்சிகளைச் செய்ய வைத்தேன். பள்ளி வேலியில் தொங்கும் பதாகையில் '7ஏ' பெற்ற மாணவர்களின் படங்கள் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அனைவரின் கனவாகவும் இருந்தது. 1988-இல் தொடங்கிய அத்தேர்வு 2021-இல் முற்றாக நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, பழக்கம் போகவில்லை. இன்று ஆண்டிறுதி மதிப்பீடு என்னும் வேறொரு பெயரைச் சொல்லிக்கொண்டு அதே நேரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

நம் மனங்களில் ஒரு வரிசை ஆழப் பதிந்துள்ளது. முதலில் உணவு, பிறகு வீடு, பிறகு ஊர், அதன்பின் செல்வம். எல்லாம் நிறைந்து ஓய்வும் கிடைத்தபின் ஆடலும் பாடலும் ஓவியமும் என்பதே அவ்வரிசை. நாகரிகம் என்னும் மரத்தின் உச்சியில் பூக்கும் பூவாகவே கலையைக் கருதுகிறோம். பூ இல்லாவிட்டாலும் மரம் நிற்கும் அல்லவா?

இவ்வரிசை உண்மைதானா என்று தேடத் தொடங்கினேன்.

நமக்கு அதிகத் தொலைவில் இல்லாத இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலிருந்து தொடங்குவோம். அங்குள்ள சுண்ணாம்புக் குகைகளில் கை அச்சுகள் உள்ளன. பாறைமீது கையை வைத்து அதன்மேல் செங்காவிச் சாயத்தை ஊதி, கையை எடுத்ததும் எஞ்சும் வெற்றிடமே அந்த அச்சு. அவற்றுள் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டுகள் பழமையானது என்று 2014-இல் அறிவித்தார்கள். அதே தீவின் லியாங் கரம்புவாங் என்னும் குகையில் ஒரு காட்டுப்பன்றியும் அதனைச் சூழ்ந்து மூன்று மனித உருவங்களும் தீட்டப்பட்டுள்ளன. அவ்வோவியம் குறைந்தது 51,200 ஆண்டுகள் பழமையானது என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நெல் இல்லை, பானை இல்லை, ஊரும் இல்லை. ஆயினும் ஒருவன், அல்லது ஒருத்தி, பன்றியையும் மனிதர்களையும் ஒரே காட்சியில் இணைத்து எதையோ சொல்ல முயன்றிருக்கிறாள். கதை சொல்லும் வேலை அப்பொழுதே தொடங்கிவிட்டது.

இன்னும் வியப்பூட்டுவது துருக்கியின் தென்கிழக்கிலுள்ள கோபெக்லி தெப்பே என்னும் குன்று. செருமானிய அகழ்வாராய்ச்சியாளர் கிளவுஸ் ஷ்மித் 1995-இல் அங்கு அகழத் தொடங்கினார். ஐந்து மீட்டருக்கும் மேல் உயர்ந்த கல்தூண்கள் வட்டம் வட்டமாக நிறுத்தப்பட்டிருந்தன. தூண்களில் நரியும் பாம்பும் பறவையும் தேளும் புடைப்புச் சிற்பங்களாக இருந்தன. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அங்குக் கிடைத்த எலும்புகள் காட்டு விலங்குகளுடையவை. ஆக, அத்தூண்களைச் செதுக்கி நிறுத்தியவர்கள் வேட்டையாடியவர்கள்! உழவு தோன்றி, ஊர் அமைந்து, உபரி சேர்ந்த பிறகே பெருங்கட்டடமும் சிற்பமும் தோன்றின என்ற பழைய பாடம் அங்கே ஆட்டம் கண்டது. சிற்பங்கள் நிறைந்த அந்த இடத்தை எழுப்பவே மக்கள் கூடினர், கூடியவர்களுக்கு உணவளிக்கும் தேவையே உழவை நோக்கித் தள்ளியது என்று ஷ்மித் கருதினார். இக்கருத்தை மறுப்போரும் உள்ளனர். ஆனால், செதுக்கியவர்கள் உழவர்கள் அல்லர் என்பது வரையில் ஐயமில்லை.

தொலைதூரக் கதைகள் போதும். நம் தஞ்சைக்கு வருவோம். இராசராச சோழனின் பெரிய கோயில் 1010-இல் நிறைவெய்தியது என்பதை நம் மாணவர்கள்கூடச் சொல்வார்கள். அதன் உயரத்தைச் சொல்வோம், உச்சிக் கல்லின் எடையைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்வோம். அக்கோயிலின் சுவரில் வெட்டப்பட்டுள்ள சம்பளப் பட்டியலை மட்டும் நாம் சொல்வதில்லை. ஆம், சம்பளப் பட்டியல்தான். சோழ நாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள் அங்கே ஒவ்வொன்றாக வெட்டப்பட்டுள்ளன. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, முன்பு எந்தக் கோயிலில் இருந்தவள் என்ற குறிப்புகளும் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதே பட்டியலில் நட்டுவனார், பாடுவோர், மத்தளம் கொட்டுவோர், விளக்கேற்றுவோர், குடை பிடிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர், கணக்கர் என்று தொடர்கிறது. கணக்கரும் ஆடல்மகளும் ஒரே சுவரில்! ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் அப்பணியைச் செய்து அப்பங்கைப் பெறலாம், தகுதியில்லையெனில் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் எழுதப்பட்டுள்ளது. நம் பள்ளிகளில் மாற்று ஆசிரியர் கிடைக்காமல் தவிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்வெட்டு நினைவுக்கு வரும்!

ஒரு பேரரசு தன் கணக்கு வழக்கில் கலைக்கு எந்த இடத்தைக் கொடுத்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. எஞ்சியதைக் கொடுக்கவில்லை, முதலிலேயே ஒதுக்கிக் கொடுத்தது. அதே கோயிலின் மேல்தளத்து நடைவழியில் நூற்றெட்டுக் கரணங்களைச் செதுக்கத் திட்டமிட்டு எண்பத்தொன்றோடு நின்றுவிட்டார்கள். எஞ்சிய இருபத்தேழு கற்கள் ஆயிரம் ஆண்டுகளாக வெறுமையாகவே காத்திருக்கின்றன. கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி என்னும் அறிஞர் 1931-இல் கண்டறிந்தார். அதுவரை அவை இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஆனால், அரசர்களை மட்டும் போற்றிக்கொண்டிருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த நானூறு பெண்களிடம் தஞ்சைக்கு வரச் சம்மதமா என்று யாரேனும் கேட்டிருப்பார்களா? அந்நெல்லை விளைவித்தவன் அவர்களது ஆடலைக் கண்டிருப்பானா? கலைக்கு அரசும் செல்வமும் வேண்டும் என்ற முடிவுக்கு இந்தக் கல்வெட்டைச் சான்றாக்கினால் நாம் மீண்டும் அந்தப் பழைய வரிசைக்கே திரும்பிவிடுவோம். அரசும் இல்லாத, செல்வமும் இல்லாத, சொந்த மண்கூட இல்லாத மக்கள் கலையை என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஜொகூர் மாநிலத்தைவிட்டு நான் எங்கும் போக வேண்டியதில்லை.

என் பாட்டி ஜொகூரின் நடுப்பகுதியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒரே அறையும் ஒரு சிறு தாழ்வாரமும் கொண்ட லயத்து வீடு. விடியலில் பெரட்டுக் களத்திற்குப் போவதற்கு முன் வாசலில் கோலம் போட்டுவிட்டுத்தான் போவார். அதாவது, பின்னிரவு நான்கு மணிக்கு. விளக்கின் மங்கிய ஒளியில் புள்ளிகளை வைத்து, கை எடுக்காமல் ஒரே கோட்டில் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடிக்கும் சிக்குக் கோலம். அவருக்கு எழுதத் தெரியாது. சம்பளச் சீட்டில் கட்டைவிரல் ரேகைதான்.

1942 தொடக்கத்தில் ஜப்பானியப் படை ஜொகூரைக் கைப்பற்றியது. எங்கள் குடும்பத்தில் இன்றும் 'ஜப்பான்காரன் காலம்' என்று சொன்னால் பெரியவர்களின் குரல் தாழ்ந்துவிடும். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரும்புப் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களுள் என் தாத்தாவும் ஒருவர். போனவர் திரும்பவில்லை. அரிசி கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. மரவள்ளிக் கிழங்கே உணவு. அந்நாளிலும் பாட்டி கோலத்தை விடவில்லை. அரிசி மாவு இல்லாததால் அடுப்புச் சாம்பலைக் கொண்டு போட்டார்.

நான் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் படித்துவிட்ட திமிரில், அவரிடம் கேட்டேன்: "பாட்டி, சாப்பாட்டுக்கே வழியில்லாத நேரத்துல கோலம் ஒரு கேடா?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "வீட்ல ஆள் இருக்குன்னு தெரிய வேணாமா சாமி?"

அன்று அந்த விடை எனக்கு விளங்கவில்லை. தாத்தா திரும்பி வந்தால் வீட்டை அடையாளம் காண்பதற்காகச் சொல்கிறார் என்று எண்ணினேன். அதுவும் இருந்திருக்கும். சென்ற வாரம் சுலாவெசிக் குகையின் கை அச்சுப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டியின் குரல் மீண்டும் கேட்டது. ஐந்து விரல்களும் விரிந்த கை. அதற்குமேல் அதற்கு விளக்கம் எதற்கு?

கலையின் பணி இதுவென்றே நான் கருதுகிறேன். இங்கே ஆள் இருக்கிறது என்று முதலில் தெரியப்படுத்த வேண்டும். அதன்பின்தான் ஊரும் உழவும் சட்டமும் கணக்கும். தன்னை ஆள் என்று உணராத கூட்டம் எதையும் கட்டாது. தோட்டத்து நிருவாகத்தின் பேரேட்டில் என் பாட்டி ஒரு எண். எத்தனை மரம், எத்தனை ராத்தல் பால், எத்தனை நாள் வேலை என்பதே அவருடைய வரலாறு. வாசற்கோலம் அந்தப் பேரேட்டில் ஏறாது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒலித்த உறுமியும், கரகம் சுமந்து ஆடியவரின் கால்களும், இரவெல்லாம் நடந்த நாடகமும்கூட ஏறாது. அவற்றை எந்தத் துரையும் கேட்கவில்லை; எவரும் கூலி கொடுக்கவில்லை. மறுநாள் விடியலில் மரம் வெட்டப் போக வேண்டும் என்று தெரிந்தும் விடிய விடிய ஆடினார்கள். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் நம்மைப்போலவே குடியேறிய மக்கள் காமன் கூத்தையும் பொன்னர் சங்கரையும் இன்றளவும் காத்து வருகிறார்கள். கப்பலேறியபோது அவர்கள் கொண்டு வந்த மூட்டையில் அவை எடையற்ற பொருள்களாக இருந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவனாவேன். அதே தோட்டத்தில் தப்பு அடித்தவரின் குடும்பத்தை நாம் லயத்தின் கடைசி வீட்டில்தான் வைத்திருந்தோம். அவருடைய இசை இல்லாமல் நமக்குத் திருவிழாவும் நடக்கவில்லை, சாவும் நடக்கவில்லை. ஆனால், அவர் பிள்ளையோடு நம் பிள்ளைகள் விளையாடினால் அடி விழுந்தது. 2025-இல் மதுரை வட்டாரப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மசிறீ விருது வழங்கியது. அச்செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியோடு வெட்கமும் வந்தது. கலையைக் கொண்டாடிக் கலைஞனைத் தள்ளி வைத்த நாகரிகத்திற்கு என்ன பெயர்?

கோலத்திற்குத் திரும்புவோம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தோரும் 1970-களில் படங்களை உருவாக்கும் கணினி இலக்கணங்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டது நம் பெண்கள் வாசலில் போடும் கோலத்தைத்தான். ஒரு சிறு வடிவத்திலிருந்து அடுத்த பெரிய வடிவத்தை எந்த விதிப்படி வளர்ப்பது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் விரல் நுனியில் வைத்திருந்தனர். கணினியியலில் அது கட்டுரைகளாயிற்று. ஆக, கணிதத்திற்காகக் கலைப்பாட நேரத்தை எடுத்துக்கொள்ளும்போது நாம் கணிதத்திலிருந்தும் ஒரு பங்கை எடுத்துவிடுகிறோம்!

இந்த வாதத்தை ஆசிரியர் அறையில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். 'ஓவியம் வரைந்தால் கணிதப் புள்ளி ஏறும்' என்று சொன்னால் பெற்றோர்களும் உடனே வண்ணப்பெட்டி வாங்கித் தருவார்கள். ஆனால், எனக்கு இந்த வாதத்தில் முழு உடன்பாடு இல்லை. புள்ளி ஏறவில்லையென்றால்? மறுநாளே வண்ணப்பெட்டி பரணுக்குப் போய்விடும். பாட்டி கணினிக்காகக் கோலம் போடவில்லை.

சரி, நம் பள்ளிகளில் கலையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, மேடையில் இருக்கிறது. பிரமுகர் வருகிறார் என்றால் ஒரு வரவேற்பு நடனம். ஆசிரியர் தினத்திற்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று. வெளியிலிருந்து ஒரு பயிற்றுநரை அழைத்து வந்து, அண்மைத் திரைப்பாடலுக்கு எட்டு மாணவிகளை ஆட வைக்கிறோம். நிறம், உயரம், சுறுசுறுப்பு எல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்டுப் பேர். எஞ்சியோர் நாற்காலி அடுக்குவார்கள். பிரமுகர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கைதட்டுவார். கலையை வாசலில் கட்டும் தோரணமாக நினைப்பதன் விளைவு இது. விழா முடிந்தால் தோரணத்தைக் கழற்றிவிடுவோம் அல்லவா?

ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை என்னிடம் கேட்டார்: "சார், வரைஞ்சா வேலை கெடைக்குமா?" அவரைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. விடியற்காலை நான்கரை மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்து நெரிசலில் நின்று, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புபவர். தன் மகன் அந்தப் பாலத்தில் நிற்கக் கூடாது என்பது மட்டுமே அவருடைய வேண்டுதல். "கெடைக்காமலும் போகலாம்" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அதற்குமேல் சொல்ல எனக்கு அன்று வார்த்தை வரவில்லை. இப்பொழுது கேட்டால் நான் ஒரு குறிப்பேட்டைக் காட்டுவேன்.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

2000-களின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளியில் பணியாற்றினேன். என் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கருத்துணர்தல் பயிற்சி நேரத்தில் குனிந்தே இருப்பான். எழுதுகிறான் என்று நினைத்தேன். ஒரு நாள் பின்னால் சென்று பார்த்தபோது, இலக்கணப் பயிற்சிக்கான குறிப்பேட்டின் பின்பக்கங்களில் பந்துமுனைப் பேனாவால் வரைந்துகொண்டிருந்தான். அது கலைப்பாட நேரம் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். அவன் கால அட்டவணைப்படிதான் நடந்துகொண்டான்! நான் அதனைப் பிடுங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தேர்வு முடிந்ததும் தருகிறேன் என்றேன். அவன் ஒருமுறை வந்து கேட்டான். நான் வேறு வேலையில் இருந்தேன். பிறகு அவன் கேட்கவில்லை. நானும் மறந்தேன்.

2013-இல் வேறொரு பள்ளிக்கு மாற்றலானபோது அலமாரியைக் காலி செய்தேன். பழைய தேர்வுத்தாள்களுக்கு அடியில் அக்குறிப்பேடு இருந்தது. அதற்குள் அந்தத் தோட்டம் இல்லாமல் போயிருந்தது. முதலில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. லயங்கள் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள். கோயிலை வேறிடத்திற்கு மாற்றிவிட்டார்கள்.

குறிப்பேட்டைத் திறந்தேன். முதல் படம் லயம். எத்தனை கதவுகள், எந்த வாசலில் செம்பருத்தி, எந்த வாசலில் கோழிக்கூண்டு என்று ஒன்றுவிடாமல் வரைந்திருந்தான். அடுத்து, பொதுக்குழாயடியில் வரிசையாக வாளிகள். ஆயாக் கொட்டகையில் சேலைத் தொட்டில்கள். பால் நிறுக்கும் கொட்டகை. பழைய மாரியம்மன் கோயிலின் தகரக் கூரை, அதன் அருகில் வேப்பமரம், மரத்தடியில் சூலம். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் வெட்டும் ஒரு பெண். அவன் தாயாக இருக்கலாம். வகுப்பில் பிரம்போடு நிற்கும் நான். தொப்பையைச் சற்று மிகைப்படுத்தியிருந்தான் என்பது என் கட்சி. என் மனைவி அதனை ஏற்கவில்லை.

அத்தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் சிலரைத் தேடிச் சென்று பழைய புகைப்படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். திருமணப் படங்களைக் காட்டினார்கள். மாலையும் முகங்களும் இருந்தன, ஊர் இல்லை. லயத்தைப் படம் பிடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நூறாண்டுகளுக்கு அருகில் மனிதர்கள் வாழ்ந்த ஓர் ஊருக்கு, நான் அறிந்தவரை, எஞ்சியிருக்கும் ஒரே சான்று ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் வரைந்த இருபத்தொரு பக்கங்கள். அதனையும் அவனிடமிருந்து பிடுங்கியவன் நான். நான் பிடுங்காமல் இருந்திருந்தால் அவன் நாற்பது பக்கம் வரைந்திருப்பான். கடைசிப் படம் பெரட்டுக் களம். அது பாதியில் நிற்கிறது. ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், முகங்கள் இன்னும் போடப்படவில்லை.

இவ்வாரமும் கணித ஆசிரியை வந்து கேட்டார். "இல்லை டீச்சர், இந்த நேரம் எங்களுக்கு வேண்டும்" என்றேன். "கோபமா சார்?" என்றார். கோபமில்லை என்றேன். பின்னத்திற்கு என் தமிழ்ப் பாடவேளைகளில் ஒன்றைத் தந்திருக்கிறேன். தமிழாசிரியன் இப்படிச் செய்யலாமா என்று வாசகர்கள் பின்னூட்டத்தில் திட்டுவீர்கள் என்பது தெரியும், திட்டுங்கள். ஆசிரியர் அறையில் என்னைக் 'கலாரசிகர்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அதுவும் பரவாயில்லை.

வகுப்பில் மாணவர்களிடம் அவரவர் வீட்டு வாசலை வரையச் சொன்னேன். பலருக்கு வாசல் என்பது அடுக்குமாடி வீட்டின் இரும்புக் கதவு. மின்தூக்கியையும் ஒருவன் வரைந்தான், 'பழுது' என்ற அறிவிப்போடு. குகை ஓவியம் பற்றிக் கேட்ட மாணவனிடம், "அன்று நீ கேட்டதற்கு விடை கண்டுபிடித்துவிட்டேன்" என்று பெருமையோடு சொன்னேன். அவனுக்கு அந்தக் கேள்வியே மறந்துபோயிருந்தது! பாட்டியின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, பச்சை நிறப் பென்சில் இருக்கிறதா ஐயா என்றான்.

இறுதியாக ஒருவருக்கு மட்டும் ஒரு செய்தி. தம்பி, உன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. படித்தால் உனக்கே தெரியும். இப்பொழுது உனக்கு முப்பது வயதைக் கடந்திருக்கும். சிங்கப்பூரில் இருப்பதாக ஒருவரும், கோலாலம்பூருக்குப் போய்விட்டதாக மற்றொருவரும் சொன்னார்கள். உன் குறிப்பேடு என்னிடம் பத்திரமாக உள்ளது. கரையான் அரிக்காமல் நெகிழி உறையிட்டு வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள். பெரட்டுக் களத்தில் நிற்பவர்களுடைய முகங்கள் உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.